என் தங்கையின் வேஷத்தில் அனிற்றா

1

போன வருஷம் ஹலோவீனுக்கு என் மகள் அனிற்றா என் தங்கையாக வேஷம் போட்டாள். அதை எழுத எனக்கு ஒரு வருஷம் எடுத்திருக்கிறது. இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது வாசிக்க வாசிக்க விளங்கும்.

ஹலோவீன் என்பது ஒக்டோபர் கடைசி நாளில் பிள்ளைகள் பேய், சூனியக்காரி என்று வேஷம் போட்டுக் கொண்டாடும் நாள். அமெரிக்கப் பக்கத்து வழக்கம். நாங்கள் இருக்கிற இத்தாலியின் பலெர்மோவுக்கு அது புதிது. லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கும் எண்பது வயது அம்மா, நான் சிக்னோரா என்று கூப்பிடுகிறவர், தொலைக்காட்சியில் பூசணிக்காய் முகம் தெரிந்தாலே நிறுத்தச் சொல்லிவிடுவார். இந்த ஊர்க்காரருக்கு அதற்கு இரண்டு நாள் கழித்து வருகிற ஆத்துமாக்கள் திருநாள்தான் பெரிது. அன்றைக்கு, செத்துப்போன உறவினர்கள் வந்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்களாம். விடிந்ததும் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியிலும் அலுமாரிக்குப் பின்னாலும் தேடுவார்கள். சீனியில் வார்த்த பொம்மை கிடைக்கும், சப்பாத்து கிடைக்கும், சில வீடுகளில் சைக்கிளே கிடைக்கும். மொர்த்தி கொண்டுவந்தது என்பார்கள். மொர்த்தி என்றால் இறந்தவர்கள்.

அனிற்றா ஏழு வயதில் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து கேட்டாள்.

"அம்மா, எல்லாற்றை வீட்டையும் மொர்த்தி வருகினம். எங்கட மொர்த்திக்கு இஞ்சத்தை விலாசம் தெரியாதோ?"

"அவைக்கு விசா கிடைக்கேல்லைப் பிள்ளை" என்றார் என் கணவர்.

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு அவர் குசினிக்குள் போய்க் கன நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டபடி நின்றார்.

2

போன வருஷம் அவளுக்குப் பதினொரு வயது. நடுநிலைப் பள்ளியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர் கொஞ்சக் காலம் லண்டனில் இருந்தவர். வகுப்பில் ஹலோவீன் கொண்டாட ஆசைப்பட்டார். சமயபாடம் எடுக்கும் சுவாமி, சூனியக்காரிகள் வேண்டாம் என்று மறித்தார். கடைசியில் இரண்டு பேரும் ஒரு நடுவழி கண்டார்கள். பெண்பிள்ளைகள் சூனியக்காரிக்குப் பதிலாக விஞ்ஞானத்தில் முன்னோடியான ஒரு பெண்ணாக வரவேண்டும். பொடியன்கள் பத்திரிகைக்காரராக வந்து அவர்களைக் கேள்வி கேட்கவேண்டும்.

அனிற்றாவோடு சேர்த்து ஆறு பிள்ளைகள் ரேடியம் கண்டுபிடித்த அந்த அம்மாவைத்தான் கேட்டார்கள். சீட்டுக் குலுக்கியதில் இன்னொரு பிள்ளைக்கு விழுந்தது. "அவ உன்னைப்போலக் கறுப்பில்லைத்தானே" என்று அந்தப் பிள்ளை இவளுக்கு ஆறுதல் சொன்னதாம். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை என்று அனிற்றாவே எனக்கு விளங்கப்படுத்தினாள். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டாள்.

உன் நாட்டிலோ உன் குடும்பத்திலோ யாராவது இருக்கிறார்களா என்று தேடிப்பார், ஒரு கிழமை இருக்கிறது என்று ரீச்சர் சொல்லியனுப்பியிருந்தார்.

அந்தக் கிழமை எங்கள் கடதாசிப் பெட்டி கட்டிலின்மேல் திறந்து கிடந்தது. இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் பத்திரத்துக்கு விண்ணப்பிக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தோம். அதுவரை எங்களிடம் இருந்தது பெர்மெஸ்ஸோ என்கிற தற்காலிக அனுமதி. அதைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் குவெஸ்தூரா, அதாவது பொலிஸ் தலைமையகத்தின் வாசலில், வரிசையில் நிற்கவேண்டும். என் கணவரின் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்து, ஒரு கடதாசியில் எங்கள் மூன்று பேரையும் மூன்று வேறு குடும்பமாக எழுதிவைத்திருந்தார்கள். அதைத் திருத்தவே இரண்டு வருஷம் போனது.

பழைய பாஸ்போர்ட்டுக்குள் இருந்து ஒரு படத்தை அனிற்றா எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, இது ஆர்? ஆம்பிளையோ பொம்பிளையோ?"

வள்ளத்தில் ஒருத்தி நிற்கிறாள். நாங்கள் ஐயா என்று கூப்பிடும் தகப்பனின் சேட்டு, முழங்கால்வரை மடித்துவிட்ட களிசான், தலையைச் சுற்றி ஒரு துவாய். இரண்டு கையாலும் ஒரு மரப்பெட்டியைப் பிடித்திருக்கிறாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறாள்.

"என்ர தங்கச்சி. மெற்றில்டா" என்றேன்.

"உங்களுக்குத் தங்கச்சி இருக்கிறாவோ?"

"இருந்தவள்."

3

மன்னாரில் எங்களுடையது கரையோரக் கிராமம். அங்கேயிருந்து விஞ்ஞானம் படிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பெண்பிள்ளை மெற்றில்டா. யாழ்ப்பாணத்தில் விலங்கும் தாவரமும் படித்தாள். கடைசி வருஷ ஆய்வுக்கு எல்லாரும் ஆய்வுகூடத்துக்குள் செய்யக்கூடியதை எடுக்க, இவள் எங்கள் கடலின் சாதாளையை எடுத்தாள். கரையில் ஒதுங்கிக் கிடந்து நாறுமே, அதுதான். அதைப் போய் என்ன படிக்க இருக்கிறது என்று ஊரே சிரித்தது. பாசி என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

"அது பாசியில்லை அக்கா. அதுக்கு வேர் இருக்கு. தண்ணிக்குள்ளையே பூக்கும். ஒருத்தரும் குனிஞ்சு பாக்கேல்லை, அவ்வளவுதான்."

குனிந்து பார்க்க வள்ளத்தில் ஏறவேண்டும். எங்கள் கரையில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. ஏறினால் மீன்பாடு போய்விடும் என்று பயம். ஐயாவே மறுத்துவிட்டார். இவள் மூன்று நாள் வாக்குவாதப்பட்டாள், நாலாம் நாள் பேசாமல் ஐயாவின் சேட்டைப் போட்டுக்கொண்டு போய் வள்ளத்துக்குள் இருந்துவிட்டாள். இறங்கச் சொல்லிப் பார்த்தார், அவள் அசையவில்லை. வலையைக் கரையில் எறிந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, போய் வள்ளத்தைத் தள்ளினார்.

அடியில் கண்ணாடி பதித்த பெட்டியைத் தண்ணீரில் அமத்தி, அதற்குள் முகத்தை வைத்துக் கீழே பார்ப்பாள். பார்த்ததை ஒரு கொப்பியில் பென்சிலால் எழுதுவாள். ஆழம், மண், எந்தச் சாதாளை, அதற்குள் என்ன குஞ்சு மீன். மாதக் கணக்கில் போனாள். முதலில் ஐயாவோடு கதைக்காமல் விட்டவர்கள் பிறகு வந்து, "தங்கச்சி, நண்டு எந்தப் பக்கம் கூட?" என்று கேட்டார்கள். கேட்டதை நான் கண்டேன்.

கூடப் படித்தவரையே கலியாணம் முடித்தாள். ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பி வரவில்லை. அப்போது இவள் வயிற்றில் பிள்ளை.

அனிற்றாவுக்குச் சாதாளை வரைக்கும் சொன்னேன், நண்டு வரைக்கும் சொன்னேன். கலியாணத்தைச் சொல்லவில்லை.

"எப்பிடிச் செத்தவ?"

"கடல்லை. வள்ளம் கவிழ்ந்து."

"நான் இவவாத்தான் போகப்போறன்" என்றாள்.

4

உங்களுக்கு விளங்கியிருக்கும். அனிற்றா நான் பெற்ற பிள்ளை இல்லை.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியபோது ஊர்ச் சனம் வள்ளங்களில் இந்தியாவுக்குப் போனது. என் கணவர் அதற்கு முன்பே பலெர்மோவுக்கு வந்துவிட்டார். நான் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தேன். இடையில் ஒருமுறை ஊருக்குப் போனபோது மெற்றில்டா பிள்ளையை என் கையில் தந்தாள். பிள்ளைக்கு மூன்று வயது.

"சனம் கண்டபாட்டுக்கு ஏறுது அக்கா. இந்தக் காத்துக்குப் பிள்ளையைக் கொண்டு ஏற எனக்குத் துணிவில்லை. ரெண்டு மாசம் வைச்சிருங்கோ. நான் அங்காலை போய் ஒரு இடம் பாத்திட்டுக் கூப்பிடுறன்."

கடலைத் தெரிந்தவள் அவள். பிள்ளையை ஏற்றக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தான் ஏறாமல் இருக்க முடியவில்லை, கரையில் இருந்தாலும் சாவுதான் என்ற நேரம் அது. அந்த வள்ளம் போய்ச் சேரவில்லை என்று ஐந்து கிழமைக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது.

அடுத்த மாதம் எனக்கு விசா வந்தது. சாவுக்கு அத்தாட்சி இல்லை, உடல் இல்லை, மன்னாரில் எழுதிக் கொடுக்க ஒரு கந்தோரும் திறந்திருக்கவில்லை. பாஸ்போர்ட்டில் பிள்ளையைச் சேர்க்கப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"பிள்ளை உங்கட தானே?"

"ஓம்" என்றேன்.

அவ்வளவுதான். பிறகு அந்த ஒரு சொல்லைச் சுற்றி மற்ற எல்லாக் கடதாசியும் செய்யப்பட்டன. எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அனிற்றா கொழும்பில் என்னைப் பெரியம்மா என்றாள். விமானத்தில் வாய் உளறி ஒருமுறை அம்மா என்றாள். பலெர்மோவுக்கு வந்து ஒரு மாதத்துக்குள் அதுவே நிலைத்துவிட்டது. நான் திருத்தவில்லை. சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

வேஷத்தைப்பற்றிச் சொன்னபோது என் கணவர் முகம் கறுத்துப்போனார்.

"இப்ப போய் அதைக் கிளறவேண்டாம். பத்திரம் வரட்டும். பிறகு ஆறுதலாப் பாப்பம்."

"எட்டு வருசமாப் பிறகு பாப்பம், பிறகு பாப்பம் எண்டுதானே இருக்கிறம்."

அவர் அடுத்த நாள் வேலையால் வரும்போது கபோச் சந்தையில் மீன் அடுக்கும் மரப்பெட்டி ஒன்று வாங்கிவந்தார். அதன் அடிப்பலகையைக் கழற்றி, எங்கள் கலியாணப் படத்துக் கண்ணாடியை எடுத்து அளவாகப் பொருத்தினார். பிள்ளையின் கையை வெட்டாமல் இருக்க ஓரம் முழுவதும் ரேப் ஒட்டினார்.

5

சிக்னோராவிடம் இரண்டு மணித்தியாலம் லீவு கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மண்டபத்துக்குப் பின்னால் தாய்மாரோடு நின்றேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள், தொலைநோக்கி பிடித்த பிள்ளைகள், பஞ்சில் நரைத்தலை வைத்த ஒரு பிள்ளை. ஒவ்வொருத்தராக வந்து தங்களைப்பற்றிச் சொன்னார்கள்.

அனிற்றா தகப்பனின் சேட்டில் வந்தாள். மடித்துவிட்ட களிசான், தலையில் துவாய், கையில் பெட்டி. வீட்டில் நான்தான் துவாயைக் கட்டிவிட்டேன். கிட்ட நின்று கட்டியபோது தெரியவில்லை. அந்தத் தூரத்தில், மேடை வெளிச்சத்துக்கு அவள் கண்ணைச் சுருக்கியபோது, படத்தில் இருந்த என் தங்கையைக் கண்டேன்.

"என் பெயர் மெற்றில்டா" என்று இத்தாலியனில் தொடங்கினாள். இலங்கைக் கடல், வள்ளம், தகப்பனின் சேட்டு எல்லாம் சொன்னாள். சாதாளைக்கு இத்தாலியனில் என்ன சொல் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கவில்லை. கடல்புல் என்று அவளாக ஒன்றைச் செய்திருந்தாள். ஒரு பொடியன், "அது அல்கா" என்று கத்தினான். பாசி என்று அர்த்தம்.

"பாசியில்லை" என்றாள் அனிற்றா. "அது பூக்கும்."

ரீச்சர் தலையை ஆட்டினார். பத்திரிகைக்காரப் பொடியன்கள் கொப்பியைத் திறந்தார்கள். உங்களுக்கு நீந்தத் தெரியுமா என்று ஒருவன் கேட்டான், தெரியும் என்றாள். சுறா கண்டீர்களா என்று கேட்டான், சின்னது என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எல்லா விஞ்ஞானிகளிடமும் கேட்ட கடைசிக் கேள்வியை இவளிடமும் கேட்டார்கள்.

"உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?"

"இல்லை" என்றாள். "எனக்குப் பிள்ளைகள் இல்லை."

கைதட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற தாய் என் தோளைத் தட்டி, "உங்கள் மகள் எவ்வளவு நல்லாச் செய்தாள்" என்றார். நான் நன்றி சொன்னேன்.

எட்டு வருஷமாக அந்த உண்மையை நான் சொல்லாமல் விட்டிருந்தேன், அதைப் பொய் என்று நினைத்ததில்லை. அன்றைக்கு என் தங்கையின் முகத்தை வைத்துக்கொண்டு, என் தங்கையின் பிள்ளை, அவளுக்குப் பிள்ளை இல்லை என்று சனத்துக்கு முன்னால் சொன்னது. சொல்லவைத்தவள் நான்.

6

அடுத்த நாள் ஞாயிறு. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கோவிலில் எங்கள் ஆட்களின் பூசை முடிந்ததும், கணவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அனிற்றாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும். "அவளை அழவைக்காதை" என்று மட்டும் சொன்னார்.

கல்லுக் கட்டில் இருந்து சொன்னேன். சுற்றிவளைக்கவில்லை. மெற்றில்டாதான் உன்னைப் பெற்றவள் என்றேன். தகப்பனைப்பற்றிச் சொன்னேன், இரண்டு மாதம் வைத்திருங்கோ என்று தந்ததைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

"அப்ப நீங்கள் ஆர்?"

"நான் அவளின்ர அக்கா. உன்னை வளத்தனான்."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது." தமிழில் தொடங்கி இத்தாலியனில் முடித்தாள். கோபம் வந்தால் அவளுக்கு அந்தப் பாஷைதான் வரும். பிறகு கடலைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் பள்ளிக்கூடத்திலை பொய் சொல்லிப்போட்டன்."

"நீ தெரியாமல் சொன்னது குஞ்சு."

"இப்ப தெரியும்தானே. திருத்தவேணும். ரீச்சர் எங்கட தாளெல்லாம் கொரிடோரிலை ஒட்டியிருக்கிறா. அதிலையும் எழுதியிருக்கு, பிள்ளை இல்லையெண்டு."

அப்போது நான் செய்ததை நினைக்க இன்றைக்கும் கூசுகிறது. நீ யார் என்று ஒரு பிள்ளைக்குச் சொன்ன வாயால், அதை வெளியில் சொல்லாதே என்று கெஞ்சினேன். குவெஸ்தூராவைச் சொன்னேன். கடதாசி பிழை என்று கண்டால் எங்களைத் திருப்பி அனுப்புவார்கள், உன்னைப் பிரித்து எடுப்பார்கள் என்றேன். பிரித்து எடுப்பார்களா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாது. அவளைப் பயப்படுத்தத்தான் சொன்னேன்.

"சரி" என்றாள். வீடு வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள்.

7

இரண்டு கிழமை கழித்துத் தாய்தகப்பனைச் சந்திக்கும் நாள் வந்தது. கணவருக்கு வேலை, நான் தனியே போனேன். ஆங்கில ரீச்சர் என்னை வகுப்புக்குள் இருத்தவில்லை, நேரே கொரிடோருக்குக் கூட்டிப்போனார். சுவரில் எல்லாப் பிள்ளைகளின் தாளும் இருந்தன. அனிற்றா வள்ளத்தைக் கீறி, அதன் கீழே பூக்கிற சாதாளையைக் கீறியிருந்தாள். கடைசி வரியில் "பிள்ளைகள் இல்லை" என்பதை அடிமட்டம் வைத்து ஒரே கோட்டில் வெட்டியிருந்தாள். அதற்குமேல் "ஊனா ஃபீல்யா" என்று எழுதியிருந்தாள். ஒரு மகள். பெயர் இல்லை, வயது இல்லை.

"தாளைத் திருத்த அனுமதி கேட்டாள்" என்றார் ரீச்சர். "ஏன் என்று கேட்டேன். புதிய தகவல் கிடைத்திருக்கிறது என்றாள்."

நான் வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்த மகள் இப்போது எங்கே, சிக்னோரா?"

எனக்கு இத்தாலியன் வினைச்சொற்கள் எப்போதும் தடுமாறும். அன்றைக்குத் தமிழும் வந்திருக்காது.

"நல்லா இருக்கிறாள்" என்றேன்.

ரீச்சர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளின் தாளில் கழன்றுகொண்டிருந்த ஒரு ஊசியைப் பெருவிரலால் அமத்திவிட்டு, கணக்குப் பாடத்தில் அனிற்றா இன்னும் கவனிக்கவேண்டும் என்று கதைக்கத் தொடங்கினார்.

வீட்டில் அனிற்றா எங்களோடு சண்டை பிடிக்கவில்லை. சாப்பிட்டாள், படித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. அது எனக்கு முதலில் பிடிபடவில்லை. தேவையென்றால் அறைக்கு வந்து நிற்பாள், நான் திரும்பும்வரை காத்திருப்பாள். அம்மாவும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. அந்தப் படத்தைத் தன் கொப்பிக்குள் வைத்திருந்தாள். நான் கேட்கவில்லை.

டிசெம்பரில் எங்களைக் குவெஸ்தூராவுக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளையையும் கொண்டுவரச் சொன்னார்கள். விடியமுன்னமே வரிசைக்குப் போய், பத்தரைக்கு உள்ளே போனோம். எங்கள் இத்தாலியன் போதாது, அனிற்றாதான் மொழிபெயர்த்தாள். என்ன வேலை, எங்கே இருக்கிறீர்கள், எத்தனை அறை. அதிகாரி தாள்களைத் தட்டிக்கொண்டே போய், அவளிடம் என்னைக் காட்டிக் கேட்டார்.

"இவர் உன் அம்மாவா?"

எல்லாப் பிள்ளையிடமும் கேட்கிற கேள்வி. கணவரின் முழங்கை என் கையில் முட்டிக்கொண்டிருந்தது. அனிற்றா உடனே சொல்லவில்லை. அதிகாரி நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு நேரம் எடுத்தாள். இல்லை என்று சொன்னாலும் அவளைக் குறை சொல்லமாட்டேன் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன்.

"சீ" என்றாள். ஓம் என்பது. என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

முத்திரை குத்தினார்கள். அச்சான பத்திரத்துக்கு மாசியில் வரச் சொன்னார்கள்.

வெளியில் வந்தபோது மழை விட்டிருந்தது. கணவர் லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். பஸ் தரிப்பிடம்வரை நடந்தோம். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், எந்தச் சொல்லில் தொடங்குவது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். கடலைமாவை வட்டமாகப் பொரித்துப் பாணுக்குள் வைத்து விற்கிற வண்டிக்குக் கிட்ட அனிற்றா நின்றுவிட்டாள். பள்ளிக்கூட நாட்களில் காலமை ஒன்றும் சாப்பிடாமல் ஓடுகிற பிள்ளை அவள்.

"பசிக்குதம்மா" என்றாள்.

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சொல் அவருக்கும் கேட்டிருந்தது.